முப்பத்தொரு குடுவைகள்

மணியடித்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.
மேசை நெடுக முப்பத்தொரு கூம்புக் குடுவைகள்.
புள்ளி போடுவது விவேகராசா சேர்.
கழுவிக் கவிழ்ப்பது நான்.

பதினெட்டு வருசமாய்க் கழுவுகிறேன்.
யார் எப்படி என்று குடுவை சொல்லும்.
நாவற்பழம் தின்ற நாக்காய்க் கடுத்திருந்தால்
அது கிருபாகரன்,
அளவியின் திருகை ஒரேயடியாய்த் திறந்துவிட்டுக்
கல்முனை பஸ்ஸுக்கு ஓடுகிறவன்.
பஞ்சுமிட்டாய் நிறமென்றால் சஜீவனா,
நாலைந்து சொட்டுக்குப் பிறகுதான் கண் விழிப்பாள்.

குழாயியால் எடுத்த இருபத்தைந்து மில்லிலீற்றர் அமிலம்,
ஐதானது, பார்க்கத் தண்ணீர்.
இரண்டு சொட்டுப் பினோத்தலின். அப்போதும் தண்ணீர்.
மேலிருந்து மூலம் இறங்கும்.
விழுந்த இடத்தில் ஒரு சிவப்புச் சுருள்,
ஆட்டினால் இல்லை.
விழும், சிவக்கும், இல்லை.
புளிப்பு இன்னும் மிச்சமிருக்கிறது.
பிறகு ஒரு சொட்டு,
முந்திய எல்லாச் சொட்டையும் போன்ற சொட்டுத்தான்,
அதற்குப் பிறகு ஆட்டியும் போகாது
ஒரு வெளிர்சிவப்பு.
அங்கே திருகை மூடவேண்டும்.
உள்ளே இப்போது உப்பும் தண்ணீரும்,
கைக்குத் தெரியாத கொஞ்சச் சூடும்.

உப்பென்றால் கண்ணீர் என்று
தமிழ் டீச்சர் எழுதச் சொல்லுவா. எழுதாதீர்கள்.
போன தவணை ஒரு குடுவையை ஜன்னலில் மறந்துவிட்டேன்.
விடுமுறை முடிந்து வந்தால் அடியில் வெள்ளைச் சதுரங்கள்,
கறிக்குப் போடுகிற அதே உப்பு.
நக்கிப் பார்க்கவில்லை.
பினோத்தலின் ஒரு காலத்தில் பேதிமருந்து.

இன்றைக்கு வலயக் கந்தோரிலிருந்து போன் வந்து
சேர் ஒரு பாடவேளை முழுக்க வெளியில் நின்றார்.
திரும்பி வந்து வரிசையாய்ப் பார்த்தார்.
தனுஜிகாவின் குடுவையில் பச்சைத்தண்ணி.
"முடிவுப்புள்ளியைக் காணாமலே வாசிப்பு எழுதியிருக்கிறாய்."
இருபத்துநாலு தசம் நாலு.
அதன்மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு.
அவள் வாய் திறக்கவில்லை.
மண்டூர்ப் பிள்ளை.
குருமண்வெளித் துறையில் பாதை எடுக்கும் நேரம்
அவளுக்கு மனப்பாடம்.
பையைத் தூக்கினாள், போனாள்.
நானும் தூரிகையைப் பிடித்தபடி
சும்மா நின்றேன்.

காற்று குடுவைக்குள் இறங்கும். எனக்குத் தெரியும்.
முப்பத்தொரு பிள்ளைகள் விட்ட மூச்சு,
காபனீரொட்சைட்டு,
தண்ணீரில் கரைந்தால் அதுவும் ஓர் அமிலம்,
சோம்பல் பிடித்த அமிலம்.
கடுஞ்சிவப்பை அது தொட்டும் பார்க்காது.
வெளிர்சிவப்பை அரைமணியில் தின்றுவிடும்.
ஆகவே இந்நேரம்
தவறவிட்டவர்கள் எல்லாரும் பளிச்சென்று நிற்கிறார்கள்.
சரியான சொட்டில் நிறுத்தியவள்
ஒன்றும் செய்யாதவள்போல் நிற்கிறாள்.

அவசரப்படக் கூடாது.
பாதிவழியில் கைவிட்ட குடுவையும்
இப்படித்தான் தெளிந்திருக்கும்.
என் நம்பிக்கை ஒரு வாசிப்பு அல்ல.

அவளுடைய அளவியில் மூலம் மிச்சமிருந்தது.
திருகை மயிரளவு திறந்தேன்.
முனையில் ஒரு சொட்டு திரண்டது,
கொஞ்சம் யோசித்தது,
விழுந்தது.
ஆட்டினேன்.
ஆட்டினேன்.
போகவில்லை.

விடியுமுன் காற்று இதையும் தின்னும்.
இலாச்சி இலாச்சியாய்த் தேடி
ஓர் இறப்பர் அடைப்பான் கண்டெடுத்து
இறுக்கினேன்.
சேரின் இடாப்பின் மேல் வைத்து
அடியில் ஒரு துண்டு:
"ஒரே ஒரு சொட்டு விட்டேன். யோகமலர்."

பிறகு குழாயைத் திறந்தேன்.
கிருபாகரன் போனான், சஜீவனா போனாள்,
சிவப்பெல்லாம் தொட்டியில் சுழன்று
ஓட்டைக்குள் இறங்கியது.
முப்பது குடுவைகள் கவிழ்ந்திருக்கின்றன.